காலிப்பரை மூன்று தடவை துடைத்தேன்

பணி ஓய்வு பெற்று நான்கு வருடமாகிறது. இன்னமும் காய்கறிக் கடையில் ஒரு கத்தரிக்காயைக் கையில் எடுத்தால் என் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாமாகவே அதை இரண்டு பக்கமும் பிடித்து, நான்கு புள்ளி இரண்டு என்று சொல்லிவிடுகின்றன. கடைக்காரர் கிலோவில் பேசுகிறார், நான் சென்டிமீட்டரில் யோசிக்கிறேன். "ஏம்மா, நீ காய் வாங்க வந்தியா, கட்டி அளக்க வந்தியா?" என்று மகள் கேலி செய்வாள். இரண்டுக்கும்தான் என்று சொல்லி வைப்பேன்.

போன மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து திவ்யா போன் செய்தாள். நான் கடைசியாகப் பார்த்த வேலையை இப்போது பார்ப்பவள். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குப் பழைய நாட்களைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமாம். இப்போது கட்டியை யாரும் கையால் அளப்பதில்லை, ஸ்கேன் படத்தில் கோடு இழுத்தால் கம்ப்யூட்டரே அளவைச் சொல்லிவிடும். பேசிக்கொண்டே இருந்தவள் திடீரென்று கேட்டாள்: "சிஸ்டர், ரொம்ப நாளா கேக்கணும்னு. நீங்க அளந்து முடிச்சதும் காலிப்பர ஸ்பிரிட் பஞ்சால மூணு தடவ தொடைப்பீங்க. உதடு அசையும். பிதா, சுதன், பரிசுத்த ஆவி சொல்லுவீங்களா?"

சிரித்து மழுப்பிவிட்டேன். போனில் சொல்லி முடிகிற பதிலில்லை அது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் கன்னட ஊரில் தமிழர்கள் நிறைந்த நீலசந்திராவில் வளர்ந்தவள். நர்ஸிங் படித்ததும், பொது வார்டில் சில வருடங்கள் ஓடியதும் சொல்லும்படியாக ஒன்றுமில்லை. தொண்ணூற்றொன்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். நோயாளிகள் மேல் தனி அக்கறை என்று பொய் சொல்ல மாட்டேன். வீட்டு வாசலிலிருந்து நேராக ஒரு பஸ் இருந்தது. அக்கறையெல்லாம் பிறகு வந்தது.

தலை, கழுத்துப் புற்றுநோய்க்கான மருந்துச் சோதனை எங்கள் பிரிவில் தொடங்கியபோது என்னை அதில் போட்டார்கள். ஆபரேஷன் செய்ய முடியாத அளவுக்கு முற்றியவர்களுக்கான சோதனை அது. வழக்கமான இரண்டு மருந்து போதுமா, அதோடு புதிதாக வந்த மூன்றாவது மருந்தையும் சேர்த்தால் கூடுதல் பலன் உண்டா என்பதுதான் கேள்வி. யாருக்கு இரண்டு, யாருக்கு மூன்று என்று நாங்கள் தீர்மானிக்க முடியாது. ஒட்டிய கவர்கள் வரிசையாக இருக்கும். நோயாளி சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அடுத்த கவரைப் பிரிக்க வேண்டும். மூன்றாவது மருந்து ஏதோ குளிர் தேசத்து மரத்திலிருந்து எடுப்பது என்று கேள்விப்பட்டபோது எனக்கு என்னவோ மனதுக்குள் குளிர்ந்தது. அந்த மரம் எப்படியிருக்கும் என்று பல மதியங்களில் யோசித்திருக்கிறேன்.

அந்த மதியங்களை எப்படிச் சொல்வது? மருந்து ஏற்றும் அறை மேற்குப் பார்த்த நீண்ட அறை. ஜன்னலுக்கு வெளியே ஒரு தூங்குமூஞ்சி மரம். காலையில் முதலில் இரண்டு பாட்டில் சலைன், சிறுநீரகம் கெடாமலிருக்க. எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு வெளியே வந்தது என்று அளந்து எழுத வேண்டும். பிறகு வாந்தி வராமலிருக்க ஊசி. அதற்குப் பிறகுதான் வழக்கமான இரண்டில் ஒன்றான பிளாட்டின மருந்து. அதற்கு வெளிச்சம் ஆகாது. எக்ஸ்ரே பிலிமைச் சுற்றி வரும் கறுப்புத் தாளைக் கேட்டு வாங்கி வைத்திருப்போம், பாட்டிலுக்கு அதைப் போர்த்திவிடுவோம். சொட்டுகளைக் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ண வேண்டும். ஊசியின் மயக்கத்தில் பத்துக் கட்டிலும் தூங்கும். கறுப்புத் தாள் போர்த்திய பத்துப் பாட்டில்கள் தலைக்கு மேல் தொங்கும். மர நிழல் சுவரில் மெல்ல ஏறி இறங்கும். நானும் எண்ணியபடியே எங்கேயோ போய்விடுவேன். அது தூக்கமில்லை. தண்ணீருக்கடியில் உட்கார்ந்திருப்பது மாதிரி ஒரு நிலை. இன்றைக்கும் கனவில் அந்த அறைதான் வருகிறது. நோயாளிகள் இருக்க மாட்டார்கள், சொட்டு மட்டும் விழுந்துகொண்டிருக்கும்.

எங்கள் டாக்டர் நாகராஜ் ஒல்லியான மனிதர், சத்தமாகப் பேசத் தெரியாதவர். கன்னடக்காரர். தமிழ் நோயாளிகளிடமும் என்னிடமும் இரண்டையும் குழைத்து ஒரு பாஷை பேசுவார். கட்டியை அளப்பதற்கு அவர் வைத்திருந்த முறையை இப்போது சொன்னாலும் என் முதுகு நிமிர்கிறது.

நோயாளியை ஸ்டூலில் உட்கார வைத்து, கட்டி இல்லாத பக்கமாகத் திரும்பி எதிர்ச் சுவரிலிருக்கும் ஆணியைப் பார்க்கச் சொல்ல வேண்டும். அப்போதுதான் கழுத்துத் தசை இழுபட்டு, கட்டி முழுதாக வெளியே நிற்கும். விரலால் ஓரத்தைத் தேடி, பேனாவால் இரண்டு புள்ளி வைத்து, இரண்டு தாடையுள்ள அளவுகோலான ஸ்டீல் காலிப்பரால் பிடிக்க வேண்டும். முதலில் நான் அளப்பேன். சீட்டில் எழுதி, மடித்து, தட்டில் வைப்பேன். புள்ளிகளை அழித்துவிடுவேன். பிறகு திரைக்கு வெளியே நிற்கும் டாக்டர் வந்து, முதலிலிருந்து தானே புள்ளி வைத்து அளந்து, இன்னொரு சீட்டில் எழுதுவார். இரண்டையும் பிரித்துப் பார்த்து, வித்தியாசம் அரை சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் இருவரும் திரும்ப அளக்க வேண்டும். உள்ளே இருந்தால் சராசரி. பழைய அட்டையை அதற்கு முன்னால் யாரும் பார்க்கக் கூடாது. ஆரம்பத்தில் ஒரு நாள் ஆர்வக்கோளாறில் வாய்விட்டு எண்ணைச் சொல்லிவிட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். "நம்பர் ஹேளபேடி, சிஸ்டர்," என்றார். எண்ணைச் சொல்லாதீர்கள். அவ்வளவுதான். அன்று எல்லாவற்றையும் விட்டுவிட்டு மறுநாள் திரும்ப அளந்தோம்.

அட்டையைப் பார்க்கக் கூடாது என்றால் பார்க்க மாட்டேன். ஆனால் என் மண்டைக்குள் எல்லா எண்ணும் ஏற்கெனவே இருந்தது. அதற்கு அவரிடம் முறை எதுவும் இல்லை.

தனலட்சுமி வந்தது அந்தச் சமயத்தில்தான். ஈஜிபுராவில் ஒற்றை அறை வாடகை வீடு, ஊதுவத்தி கம்பெனியில் வேலை. வத்தி உருட்டுபவளாகச் சேர்ந்தவள். ஒரு நாள் கலவையை முகர்ந்து பார்த்து, "இதுல இன்னாத்தையோ வுட்டுட்டீங்க, மொதலாளி," என்று அவள் சொன்னது சரியாகிப் போனதில், மசாலா கலக்கும் இடத்துக்கே மாற்றிவிட்டார்களாம். வாய் கொள்ளாமல் புகையிலை போடுவாள். நாக்கின் ஓரத்தில் புண், இடது கழுத்தில் ஆறு சென்டிமீட்டர் கட்டி. ஆபரேஷனுக்கு இடமில்லை. கவரைப் பிரித்தபோது மூன்று மருந்து என்று வந்தது.

அவள் கையைப் பிடித்து நரம்பு தேடும்போது சந்தன வாசனை வரும். டெட்டால் நாற்றத்துக்கு நடுவே அது ஏதோ வேறு ஊரிலிருந்து வருவது போலிருக்கும். மருந்து ஏறிய பிறகு ஒரு வாரம் எல்லாமே இரும்பு நாற்றம் நாறுகிறது என்பாள். இரண்டாவது வாரம் மூக்கு திரும்பி வந்துவிடும். அப்போது கம்பெனிக்குப் போவாள். அந்த வருடம் ஆயுத பூஜைக்கு ஒரு புது வாசனை கொண்டுவருகிறார்கள், கலவை முழுக்க அவள் பொறுப்பு. முதலாளி வேறு யாரையும் தொட விடவில்லை. அதைச் சொல்லும்போது அவள் குரலே மாறிவிடும்.

இரண்டு சுற்று மருந்து முடிந்ததும் அளக்க வேண்டும். கட்டி பாதியாகியிருந்தால் மூன்றாவது சுற்று. ஆகவில்லையென்றால் மருந்தை நிறுத்திவிட்டு உடனே கதிர்வீச்சு. நோயாளிகள் அதைக் 'கரண்ட்' என்பார்கள். வாயிலும் கழுத்திலும் கரண்ட் வைத்துக்கொண்டவர்களைத் தனம் வராந்தாவில் பார்த்திருந்தாள், கேட்டுமிருந்தாள். எச்சில் வற்றிவிடும், ருசி போய்விடும், வாசனை மங்கிவிடும், திரும்பி வரும் என்று உறுதியில்லை.

"கரண்டு வேணான்னு சொல்லல, சிஸ்டர். வெச்சிக்கறேன். ஆயுத பூஜ முடியட்டும். அது வரைக்கும் இந்த மூக்கு இருந்தா போதும்," என்றாள் அளக்கும் அன்று, ஸ்டூலில் உட்கார்ந்தபடி.

ஆணியைப் பார்க்கச் சொன்னேன். புள்ளி வைத்தேன். காலிப்பர் மூன்று புள்ளி நான்கு காட்டியது. திரும்பப் பிடித்தேன், அதேதான். ஆறில் பாதி மூன்று. நான்கு மில்லிமீட்டர் அதிகம். அந்த நான்கு மில்லிமீட்டர் மேல் எனக்கு வந்த கோபத்தை இன்றும் மறக்கவில்லை.

சீட்டில் இரண்டு புள்ளி எட்டு என்று எழுதினேன். யோசிக்காமல் செய்யவில்லை. டாக்டரின் கை என் கையைவிடக் கொஞ்சம் குறைவாகவே அளக்கும், அவர் மூன்று புள்ளி இரண்டு எழுதுவார் என்று எனக்குத் தெரியும். வித்தியாசம் அரைக்குள் நிற்கும், திரும்ப அளக்க மாட்டோம், சராசரி மூன்றுக்கு வரும். அவர் வகுத்த முறை எனக்கு அவ்வளவு அத்துப்படி. அவர் வந்து அளந்தார். சீட்டுகளைப் பிரித்தார். மூன்று இரண்டு. சராசரி மூன்று. சரியாகப் பாதி.

அவர் முகத்தில் அபூர்வமாக ஒரு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்புதான் என்னை முதலில் குத்தியது. ஆனால் தனம் என் கையைப் பிடித்துக்கொண்டதும் அது மறந்துபோயிற்று.

மூன்றாவது சுற்று போட்டோம். மூன்று வாரம் கழித்து அவள் வந்தபோது, திரையைத் தள்ளுவதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கழுத்து ஒரு பக்கமாக வீங்கியிருந்தது. வாயைத் திறக்கச் சொன்னால் ஒரு விரல்தான் நுழைந்தது. நான் ஐந்து என்று எழுதினேன், டாக்டரும் ஐந்து. அவர் பழைய அட்டையை எடுத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு எழுத ஆரம்பித்தார்: மூன்று மருந்துக்குக் கட்டி முதலில் பாதியானது, பிறகு வேகமாக வளர்ந்தது.

அவர் பேனா நகர்வதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த வரி இந்த அறையோடு நிற்காது. முகம் தெரியாத ஒரு ஊரில், முகம் தெரியாத ஒரு டாக்டர், இன்னொரு கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இந்த வரியை நம்பித்தான் மருந்து எழுதுவார். என் இரண்டு புள்ளி எட்டு அங்கேயெல்லாம் போகப் போகிறது.

"டாக்டர், அன்னிக்கு நான் எழுதினது பொய்," என்றேன்.

பேனா நின்றது. அவர் திட்டியிருந்தால் அழுதிருப்பேன். "எஷ்டு?" என்று மட்டும் கேட்டார். எவ்வளவு?

"மூணு நாலு."

அட்டையை என் பக்கமாகத் தள்ளினார். "அடிங்க. ஒரே கோடு. கீழ இருக்கற நம்பர் படிக்கறாப்ல இருக்கணும்." தப்பாக எழுதியதை அழிக்கக் கூடாது, மேலே எழுதக் கூடாது, வெள்ளை பூசக் கூடாது. ஒரே கோட்டில் அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டு, காரணமும் எழுத வேண்டும். ஆயிரம் தடவை அதைப் பிறருக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். காரணம் என்ற கட்டத்தில் கை நின்றுவிட்டது. என்ன எழுதட்டும் என்று கேட்டேன்.

"நிஜ பரீரி," என்றார். உண்மையை எழுதுங்கள்.

'நோயாளி மருந்தில் தொடர வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே குறைத்து எழுதினேன்' என்று ஆங்கிலத்தில் எழுதினேன். அதற்குக் கீழே அவரும் கையெழுத்துப் போட்டார். என் தப்புக்கு அவர் ஏன் போட வேண்டும் என்று அன்று புரியவில்லை. மேலே கமிட்டிக்குக் கடிதம் போனது, என் பைலில் ஒரு தாள் ஏறியது, அளக்கும் வேலையிலிருந்து என்னை எடுத்தார்கள். நியாயம்தான். கையெழுத்துப் போட்ட அன்றே அவரிடம் ஒன்று கேட்டேன், அந்த மூன்று வாரம் முன்னாலேயே கரண்ட் வைத்திருந்தால் அவள் பிழைத்துக்கொள்வாளா என்று.

"கொத்தில்ல," என்றார். தெரியாது. அதை அவர் எனக்கு ஆறுதலாகவும் சொல்லவில்லை, தண்டனையாகவும் சொல்லவில்லை. "அந்தம்மாவுக்கு நீங்களே சொல்லணும், சிஸ்டர். நானும் கூட நிக்கறேன்."

தனம் வெளியே மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் சொன்னபடியே கொஞ்சம் தள்ளி நின்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். என் எண்ணால் அவளுடைய மூன்று வாரம் போய்விட்டது என்று சொன்னேன். மன்னிப்புக் கேட்கப் போனேன், அழுகைதான் வந்தது.

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். பிறகு திறக்க முடியாத அந்த வாயால் சிரிக்க முயன்றாள்.

"நீங்க மட்டுமா, சிஸ்டர்? நானுந்தான் கழுத்த உள்ள இஸ்துக்கினேன். ஆணிய பாருன்னீங்கோ. கண்ணு ஆணி மேல, தலய மட்டும் லேசா இந்தப் பக்கம் சாச்சிக்கினேன். கட்டி உள்ள அமுங்கிடும். டாக்டரு அளக்கறப்பவும் அப்டித்தான்."

"மூக்குக்காகவா, தனம்?"

"அதுவுந்தான்." என் கையைக் காட்டினாள். "நம்பரு நல்லா இல்லன்னா நீங்க அந்தக் கம்பிய ரொம்ப நேரம் தொடைப்பீங்கோ. பஞ்சு பிஞ்சிடும். பக்கத்து கட்டில் காரருக்கு அளக்கறப்ப தெர இடுக்குல பாத்துக்கினே இருந்தேன். நல்ல நம்பருன்னா ஒரே தொடைப்பு, டப்புனு தட்டுல போட்டுடுவீங்கோ. எனக்கு நீங்க அத்த தொடைச்சினே நிக்கறத பாக்க முடியல. அதான் இஸ்துக்கினேன்."

எண்ணை வாயால் சொல்லவில்லை என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த அத்தனை நாளும், என் கை அதை ஊருக்கே கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. நான் அவளுக்காக எண்ணைக் குறைத்தேன், அவள் எனக்காகக் கட்டியைக் குறைத்தாள். நடுவில் நோய் மட்டும் யாருக்காகவும் எதையும் குறைத்துக்கொள்ளவில்லை. திரும்பிப் பார்த்தேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மரத்தைப் பார்த்தபடி நின்றார்.

கரண்ட் ஆரம்பித்தது. கலவையை மட்டும் அந்த மூன்று வாரத்துக்குள் அவள் முடித்துக் கொடுத்துவிட்டிருந்தாள். அது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று இன்றுவரை தெரியவில்லை. ஆயுத பூஜை வாரத்தில் கம்பெனி ஆள் ஒரு பாக்கெட் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். அப்போது அவள் மூக்கு முழுக்கப் போய்விட்டிருந்தது. மரத்தடியில் ஒரு வத்தியைக் கொளுத்தச் சொன்னாள். புகை மெல்ல மேலே போவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்டி கீது, சிஸ்டர்?"

"ரொம்ப நல்லா இருக்கு, தனம்."

"நல்லா கீதுன்றத சொல்லாதீங்கோ. இன்னா கீதோ அத்த சொல்லுங்கோ."

கண்ணை மூடி முகர்ந்தேன். முதலில் சந்தனம். பிறகு மழை விழுந்த மண். கடைசியில், ரொம்பத் தள்ளி, லேசாகப் புளிப்பு மாதிரி ஒன்று.

"புளிப்பா? மொதலாளி சாம்பிராணிய கொறைக்கவே இல்ல பாருங்கோ! தலதலயா அடிச்சிக்கினேன்," என்று கோபப்பட்டாள். கோபம் அடங்கியதும் என் கையைத் தட்டிக் கொடுத்தாள். அன்று அவள் முகத்திலிருந்த திருப்தியை நான் வேறு எப்போதும் பார்த்ததில்லை.

ஐந்து மாதம் கழித்து ஒரு புறநோயாளி நாளில் டாக்டர் என்னைக் கூப்பிட்டார். அளக்கும் வேலையை எனக்குத் திருப்பித் தருவது போலக் காலிப்பரை நீட்டினார். வாங்கிக்கொண்டு திரையை விலக்கினேன். ஸ்டூலில் தனம். கரண்டுக்குச் சுருங்கியிருந்த கட்டி திரும்ப வந்திருந்தது. சேலைத் தலைப்பை ஒதுக்கிவிட்டு, நான் சொல்வதற்கு முன்னாலேயே ஆணியைப் பார்த்தாள்.

"இந்த தபா இஸ்துக்கல, சிஸ்டர். பயப்படாம அளங்கோ."

புள்ளி வைத்தேன். பிடித்தேன். எண்ணைப் பார்த்தேன். ஸ்பிரிட் பஞ்சை எடுத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. காலிப்பரைச் சத்தமில்லாமல் தட்டில் வைத்தேன்.

தனம் மெல்லத் திரும்பி என் கையைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் தேடினாள்.

"தேறிட்டீங்கோ, சிஸ்டர்," என்றாள். "ஒண்ணுமே தெரியல."

சீட்டில் நான்கு புள்ளி ஆறு என்று எழுதி, மடித்து, தட்டில் வைத்தேன்.